கண்ணுக்குக் கீழே ஓர் அறை

வாசகர்களே, வாசிப்பைச் சற்று நிறுத்திவிட்டு உங்கள் சுட்டுவிரலைக் கண்ணின் கீழ் இமைக்கு அடியில் வைத்துப் பாருங்கள். உறுதியான ஓர் எலும்பு விளிம்பு தட்டுப்படும். மதில் போலக் கெட்டியானது. ஆனால் அந்த மதிலுக்கு உள்ளே, விழி எதன் மேல் தங்கியிருக்கிறது என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? நானும் யோசித்ததில்லை. அரை மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள ஓர் எலும்புத் தகட்டின் மேல் என்று வைத்தியர் ஒருவர் சொன்னபோது நம்ப முடியவில்லை. முட்டையோட்டை விடச் சற்றே தடித்த ஒரு தரை. அதற்குக் கீழே வெற்றறை.

அந்த அறையைப் பற்றித்தான் இம்மாதம் எழுதப் போகிறேன். மௌலவிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு பையனின் விடயத்தில் நான் செய்த தவறொன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. நோர்வூட் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த ஒரு சகோதரரின் மகன் ஒன்பதாம் தரத்தில் என்னிடம் பாடம் படித்துக் கொண்டிருந்தான். ஒரு புதன்கிழமை, பாடசாலை விட்ட பின் மைதானத்தில் கிரிக்கெட் விளையாடியிருக்கிறார்கள். உயர எழுந்த பந்தைப் பிடிக்க இரண்டு பேர் ஓடி, ஒருவனின் முழங்கை இவனின் இடது கண்ணில் இடித்துவிட்டது. இரத்தம் வரவில்லை. வீங்கவில்லை. கண் சிவக்கவும் இல்லை. எழுந்து நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறான். வந்தவன் படுத்துவிட்டான்.

இஷாவுக்குப் பிறகு வாப்பாவும் உம்மாவும் அவனைக் கூட்டிக் கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள்.

“ஹஸரத், புள்ள மூனு தரம் சத்தி எடுத்துட்டான். கண்ணப் பாத்தா ஒன்னுமே இல்ல. உம்மா கண்ணூறுன்னு சொல்றா. கொஞ்சம் ஓதிப் பாருங்க.”

நானும் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓதினேன், தண்ணீரும் ஓதிக் கொடுத்தேன். “படுக்க வையுங்கள், காலையில் சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பி வைத்தேன். ஓதியதில் தவறு இல்லை. இன்று கேட்டாலும் ஓதுவேன். காலையில் சரியாகிவிடும் என்று சொன்னேனே, அதைச் சொல்ல எனக்கு என்ன அறிவு இருந்தது? ஹஸரத்தே சொல்லிவிட்டார் என்று அந்தப் பெற்றோர் வியாழக்கிழமை முழுவதும் வைத்தியசாலைக்குப் போகாமல் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவனைப் பார்க்கப் போனேன். இருட்டறையில் கண்ணை மூடிக் கொண்டு கிடந்தான். எழுப்பி உட்கார வைத்து, சுவரில் உயரத்தில் இருந்த கடிகாரத்தைக் காட்டி மணி என்ன என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தான். வலது கண் மேலே போனது. இடது கண் போகவில்லை! நேராகப் பார்த்தபடியே நின்றது.

“ஹஸரத், ரெண்டு மணிக்கூடு தெரியுது” என்றான். சொல்லி முடிக்கும் முன்னரே மீண்டும் சத்தி எடுத்தான்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தோம். இந்த இலவச அம்பியூலன்ஸ் சேவை 2016 ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் ஆரம்பித்துப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் வந்தது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நமது நோர்வூட் மைதானத்துக்கு வந்தபோதுதான் அந்த விரிவாக்கத்தை அறிவித்தார். டிக்கோயாவில் 150 கட்டில்களுடன் கட்டப்பட்ட வைத்தியசாலையைத் திறந்து வைத்ததும் அதே நாளில்தான். அந்தக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பியவர்களில் எத்தனை பேர் இலக்கத்தை நினைவில் வைத்துக் கொண்டார்களோ தெரியாது. நீங்கள் வைத்துக் கொள்ளுங்கள்.

டிக்கோயாவில் பார்த்த இளம் வைத்தியர் முதலில் நாடியைப் பிடித்தார். பையனை மேலே பார்க்கச் சொல்லிவிட்டு மீண்டும் நாடியைப் பிடித்தார். முகம் மாறியது. உடனே கண்டிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று அந்த வளைவுப் பாதையில் இரவில் போனோம். சனிக்கிழமை சீ.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அன்று மாலையே சத்திரசிகிச்சை. அடிபட்டு மூன்று நாட்கள். ஏன் புதன்கிழமை இரவே வரவில்லை என்று நிபுணர் கேட்டார். வாப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதன் பின் அந்த நிபுணர் பொறுமையாகத் தாளில் படம் வரைந்து விளக்கினார். அவர் காட்டியதையும், அதன் பின் நான் தேடி வாசித்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

நமது கண்குழி ஏழு எலும்புகள் கூடி அமைந்தது. பெரியவர்களில் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 30 மில்லிலீற்றர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. விழி மட்டுமல்ல, விழியைத் திருப்பும் தசைகள், நரம்புகள், மெத்தை போன்ற கொழுப்பு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதன் தரைக்குக் கீழே, கன்னத்து எலும்புக்கு உள்ளே, அதில் பாதியளவு கொள்ளும் ஒரு காற்றறை இருக்கிறது. மேற்றாடையின் சைனஸ் என்பது அதுதான். பீனிசம் என்று நாம் சொல்லும் நோயில் சளி கட்டிக் கன்னம் கனப்பது இந்த அறையில்தான். இதன் வாசல் மூக்கினுள் திறக்கிறது. இதன் கூரைதான் கண்ணின் தரை. அதே தரைக்குள் ஒரு நரம்பும் ஓடி, கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் மேற்பற்களுக்கும் உணர்ச்சி தருகிறது. கண்ணில் அடிபட்டவரின் மேலுதடு மரத்துப் போனால் தரை முறிந்திருக்கலாம் என்று வைத்தியர் சந்தேகிப்பது இதனால்தான்.

அரபியில் சைனஸுக்கு ஜைப் என்பார்கள். சட்டையின் பைக்கும் அதே சொல்தான். நமது பழைய தையற்காரர்கள் சொல்லும் ஜேப்பு என்ற சொல்லும் அதன் வழியில் வந்ததுதான். முகத்துக்குள் தைத்து வைத்த ஜேப்பு என்று பையனின் வாப்பாவுக்குச் சொன்னேன். அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

இப்போது ஒரு பந்தோ முஷ்டியோ முழங்கையோ கண்ணில் வேகமாக மோதுகிறது என்று வையுங்கள். அந்த அழுத்தம் முழுவதும் குழிக்குள் போகிறது. எங்கே மெலிவோ அங்கே வெடிக்கிறது. தரை உடைந்து கீழறைக்குள் சரிகிறது. 1957 ஆம் ஆண்டு பைரன் சிமித், வில்லியம் ரீகன் என்ற இரண்டு அமெரிக்க வைத்தியர்கள் இதை ஆய்ந்து எழுதினார்கள். அயர்லாந்து மக்கள் ஹேர்லிங் என்றொரு விளையாட்டை ஆடுவார்கள். அதன் பந்தை ஒரு பிரேதத்தின் மூடிய கண் மேல் வைத்து அதன் மேல் சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள். சுற்று விளிம்பு அப்படியே இருந்தது, தரை மட்டும் உடைந்திருந்தது. வெடித்துப் போகும் முறிவு என்று பெயர் வந்தது அப்படித்தான். அடி விளிம்பில் பட்டு, அந்த அதிர்வு தகட்டை நெளித்து உடைப்பதும் உண்டு. அநேகமான அடிகளில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றனவாம்.

தரை கெட்டியாக இருந்திருந்தால் நல்லதல்லவா என்று நான் கேட்டேன். அப்படி இருந்திருந்தால் அழுத்தத்துக்குப் போக வேறு வழியின்றி விழியே வெடித்திருக்கும் என்றார் அவர். எவ்வளவு மெல்லியதாக, எந்த இடத்தில் மெல்லியதாக என்பதெல்லாம் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. சுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெரியவர்களுக்குத் தரை உடையும்போது அது துண்டு துண்டாக நொறுங்கும். கொழுப்பு கீழறைக்குள் இறங்கும். கண்ணைச் சுற்றி வீங்கிக் கறுக்கும். வீக்கம் வற்றிய பின்னர்தான் விழி உள்வாங்கிப் போயிருப்பது தெரியும். இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் உள்வாங்கினால் பார்ப்பவர் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பிள்ளைகளின் எலும்பு வேறு. அது பச்சைக் கம்பு போன்றது. முறிந்து திறக்கும், உடனே திரும்பி மூடிக் கொள்ளும். பையனின் வீடு கடைக்கு மேலே பலகைத் தளம் போட்ட வீடு. அந்தப் பலகையையே உதாரணமாகச் சொல்லலாம். ஒரு பலகை மிதிபட்டுக் கீழே வளைகிறது, விரித்திருந்த துணியின் ஓரம் அந்த இடைவெளியில் இறங்குகிறது, பலகை திரும்பி மேலே எழும்போது துணி அதற்குள் மாட்டிக் கொள்கிறது. மேலிருந்து பார்த்தால் தளம் சமமாகத்தான் இருக்கும். துணியை இழுத்தால்தான் வராது. இங்கே மாட்டிக் கொள்வது துணியல்ல, கண்ணைத் திருப்பும் தசை. கதவிடுக்கில் சிக்கிய விரல் போல அது இரத்த ஓட்டம் இன்றி நெரிபடுகிறது. வெளியே வீக்கமும் இல்லை, சிவப்பும் இல்லை. கனடாவைச் சேர்ந்த டேவிட் ஜோர்டன் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1998 ஆம் ஆண்டு இதற்கு வெள்ளை விழி முறிவு என்று பெயரிட்டு, இத்தகைய பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது, ஓரிரு நாட்களுக்குள் சத்திரசிகிச்சை வேண்டும் என்று எழுதினார்கள். நான் ஓதிக் கொடுத்து அனுப்பிய கண்ணும் வெள்ளையாகத்தான் இருந்தது.

சத்தி ஏன் வந்தது? கண்ணின் தசை இழுபடும்போது அந்தச் செய்தி மூளைக்குப் போய், அங்கிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் போகும் நரம்பைத் தூண்டுகிறது. நாடி தளர்கிறது, குமட்டுகிறது, சிலர் மயங்கியும் விழுவார்கள். 1908 ஆம் ஆண்டிலேயே அஷ்னர், டக்னினி என்ற இருவர் இதனை விவரித்திருக்கிறார்கள். டிக்கோயா வைத்தியர் மேலே பார்க்கச் சொல்லி நாடி பிடித்தது இதற்காகத்தான். இதைத் தலையில் பட்ட அடி என்றோ, வயிற்றுக் கோளாறு என்றோ நினைத்துவிடுவது உலகெங்கும் நடக்கிறது. கண்ணூறு என்று நினைப்பது நம்மிடையே நடக்கிறது.

சரி, உடைந்த தரையை எப்படிச் சீர்செய்வது? இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று மேலிருந்து போவது. கீழ் இமையின் உட்புறத்திலோ, இமை மயிருக்குச் சற்றுக் கீழேயோ கீறி, விழியை மெதுவாக உயர்த்திப் பிடித்துக் கொண்டு, குழியின் தரையை அடைவார்கள். அதிகமாகச் செய்யப்படுவது இதுதான். இதில் நல்ல அனுபவம் இருக்கிறது. ஆயினும் இமை பின்னர் சற்றுக் கீழே இழுபட்டு நிற்கும் அபாயம் சிறிதளவு உண்டு. முறிவின் பின்விளிம்பு ஆழத்தில் இருந்தால் விழி மறைத்து நிற்பதால் பார்ப்பதும் சிரமம்.

மற்றது கீழிருந்து போவது. பலகைத் தளம் உடைந்தால் தச்சன் மேல்வீட்டுச் சாமான்களை எல்லாம் ஒதுக்கிக் கொண்டிருக்க மாட்டான். கீழே கடைக்குள் நின்று, அண்ணாந்து பார்த்து, பலகையை மேலே தள்ளுவான். அதே மாதிரி மேலுதட்டைத் தூக்கி, பல்லீறுக்கு மேலே வாயினுள்ளேயே கீறுகிறார்கள். வேட்டைப் பல்லுக்கு மேற்புறத்தில் கன்னத்து எலும்பு மெல்லியதாக இருக்கும். அங்கே ஒரு சிறு ஜன்னல் வெட்டுகிறார்கள். உள்ளே சைனஸ் அறை. அண்ணாந்து பார்த்தால் கூரை. அதுதான் உடைந்து தொங்குகிறது. முகத்தில் வெளியே ஒரு கீறலும் இல்லை.

இந்த ஜன்னல் கண்ணுக்காக முதலில் வெட்டப்பட்டதல்ல. பழைய சைனஸ் நோயைச் சுத்தம் செய்ய 1893 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஜோர்ஜ் கால்ட்வெல்லும், 1897 ஆம் ஆண்டு பாரிஸில் ஆன்றி லூக்கும் இந்த வழியை எழுதினார்கள். இருவர் பெயராலும் அது வழங்குகிறது. பின்னர் முகமுறிவு வைத்தியர்கள் அதனைக் கடனாகப் பெற்றார்கள். ஆரம்பத்தில் கையுணர்வை நம்பியே வேலை நடந்தது. விரலாலோ கருவியாலோ தரையை மேலே தள்ளி, திரும்பச் சரியாமல் இருக்க அறை முழுவதும் துணி நாடாவை அடைத்து வைப்பார்கள், அல்லது ஒரு சிறு றப்பர் பலூனை உள்ளே வைத்து ஊதி விடுவார்கள். சில நாட்கள் கழித்து வெளியே எடுப்பார்கள். பார்க்காமல் தள்ளுவதில் ஆபத்தும் இருந்தது. கூரான எலும்புத் துண்டு விழியின் நரம்பை நோக்கிப் போய்விடலாம்.

உள்ளிருந்து தாங்கல் கொடுக்கும் யோசனை மட்டும் மிகப் பழையது. அந்தலூஸின் அஸ்-ஸஹ்ராவி, 1013 ஆம் ஆண்டளவில் வபாத்தானவர், தமது கிதாபுத் தஸ்ரீபின் சத்திரசிகிச்சைப் பகுதியில், உடைந்து உட்சரிந்த மூக்கெலும்பை நாசித் துவாரத்தின் வழியே உள்ளிருந்து நிமிர்த்தித் துணியால் தாங்கல் கொடுக்கும் முறையைச் சொல்கிறார். கண்குழியின் தரையை அவர் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நம் முன்னோர் முன்பே கண்டுவிட்டார்கள் என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் எலும்பை வெளியே இருந்து இழுப்பதை விட உள்ளே இருந்து தூக்குவது நல்லது என்ற தச்சனின் அறிவு அவரிடம் இருந்தது. அரபுக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் அந்நூலின் பெயரைக் கூட யாரும் சொல்லவில்லை. அது வேறு கவலை.

கீழ்வழியை மாற்றியது எண்டஸ்கோப் என்ற குழாய்க் கண்ணாடி. 1990களின் பிற்பகுதியில் இருந்து இதனைக் கன்னத்து ஜன்னல் வழியே உள்ளே செலுத்தி, சைனஸின் கூரையைத் திரையில் பெரிதாகப் பார்த்துக் கொண்டே வேலை செய்கிறார்கள். மேலிருந்து பார்க்கச் சிரமமான பின்விளிம்பு இங்கே நேரே தெரிகிறது. கூரையில் இருந்து ஒரு துளி போலத் தொங்கும் கொழுப்பும் தெரிகிறது. அதனை மெதுவாக மேலே அனுப்பி, நொறுங்கிய தரையாக இருந்தால் டைட்டேனியம் வலை, அல்லது அதற்கென்று செய்த ஒருவகைப் பிளாஸ்டிக் தகடு, அல்லது ஜன்னல் வெட்டும்போது எடுத்த அதே எலும்புத் துண்டு என்று ஏதாவது ஒன்றால் தாங்கல் கொடுக்கிறார்கள்.

எல்லா முறிவுக்கும் இந்த வழி பொருந்தாது. தரையோடு மூக்குப் பக்கத்துச் சுவரும் உடைந்திருந்தாலோ, நான் சொன்ன அந்த நரம்பைத் தாண்டி முறிவு வெளிப்புறமாகப் பரவியிருந்தாலோ மேல்வழிதான் நல்லது. நிலைப்பற்கள் இறங்காத சிறு பிள்ளைகளுக்கும் ஜன்னல் வெட்டும் இடத்தில் பல் முளைகள் இருப்பதால் தயங்குவார்கள். நமது பையனுக்குப் பதினான்கு வயது. பற்கள் இறங்கிவிட்டன. முறிவும் நரம்புக்கு உட்புறமாகவே இருந்தது. அதனால் கீழ்வழியால் போனார்கள். சிக்கிய இடத்தைச் சற்று அகலமாக்கியதும் தசை விடுபட்டது. பலகை தானாகவே தன் இடத்தில் பொருந்திக் கொண்டது. தகடு எதுவும் வைக்கவில்லை. மேசையில் வைத்தே, மெல்லிய சாமணத்தால் விழியின் ஓரத்தைப் பிடித்து மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார்களாம். தடையின்றித் திரும்பியது.

அன்றிரவு முழுவதும் ஒரு தாதி அடிக்கடி வந்து அவன் கண்ணில் டோர்ச் அடித்தும், விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லியும் பார்த்தார். பிள்ளையைத் தூங்க விடக் கூடாதா என்று உம்மாவுக்குக் கோபம். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து கட்டினால் சில மணித்தியாலங்களில் பார்வையே போய்விடலாம் என்பதால்தான் அந்தக் காவல். கண் சத்திரசிகிச்சைக்குப் பின் எவருக்கேனும் திடீரென்று கண்ணில் கடும் வலி வந்து பார்வை மங்கினால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

வாசகர்களே, இதை வாசித்துவிட்டு ஒவ்வொரு முறிவுக்கும் கத்தி வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். 1974 ஆம் ஆண்டு அலன் புட்டர்மன் என்ற அமெரிக்கக் கண் வைத்தியர், தரை முறிந்த பலரைச் சத்திரசிகிச்சை இன்றியே கவனித்து, பெரும்பாலும் அவர்கள் நன்றாகவே தேறியதைக் காட்டினார். அதன் பிறகுதான் வைத்தியர்கள் நிதானித்தார்கள். இன்று வளர்ந்தவர்களுக்கு, வீக்கம் வற்றும் வரை பார்த்திருந்து, இரட்டைப் பார்வை நீடித்தாலோ, தரையில் பாதிக்கு மேல் உடைந்திருந்தாலோ, விழி உள்வாங்கினாலோ, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் செய்வதே பொதுவான வழக்கம். மணிக்கணக்கு பிள்ளைகளின் வெள்ளை விழி முறிவுக்குத்தான்.

உதைபந்தாட்டம் பார்க்கும் இளைஞர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் தென் கொரியாவின் சொன் ஹியூங்-மின்னைப் பற்றிக் கேளுங்கள். 2022 நவம்பர் முதலாம் திகதி மார்செய் நகரில் நடந்த போட்டியில் எதிரணி வீரரின் தோளில் மோதி அவருடைய இடது கண்ணைச் சுற்றிய எலும்பு முறிந்தது. அந்த வாரமே சத்திரசிகிச்சை. 24 ஆம் திகதி கட்டாரில் உருகுவேக்கு எதிராகக் கறுப்பு முகமூடி அணிந்து ஆடினார். பையன்கள் அதை அழகுக்குப் போட்டது என்று நினைத்தார்கள். ஆனால் எல்லோர் கதையும் அப்படி முடியவில்லை. இங்கிலாந்தின் விக்கெட் காப்பாளர் கிரெய்க் கீஸ்வெட்டர் 2014 ஜூலையில் பந்து தலைக்கவசத்தின் கம்பிகளுக்கிடையே புகுந்து மூக்கும் கண்குழியும் முறிய, மீண்டும் ஆடிப் பார்த்தும் பழைய பார்வை வராமல், அடுத்த ஆண்டே 27 வயதில் விளையாட்டை விட்டார். கவசத்தோடு நின்றவருக்கே இப்படி. நமது பிள்ளைகள் மைதானத்தில் எதனோடு நிற்கிறார்கள்?

ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நான் சொல்வது இதுதான். கண்ணிலோ கன்னத்திலோ அடிபட்ட பிள்ளையை உட்கார வைத்து, தலையை அசைக்காமல், உங்கள் விரலைப் பார்க்கச் சொல்லி விரலை மேலே கொண்டு போங்கள், கீழே கொண்டு வாருங்கள். இரண்டு கண்களும் சேர்ந்து போகின்றனவா என்று பாருங்கள். ஒரு விரல் இரண்டாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். மேலே பார்த்ததும் குமட்டுகிறதா, கன்னமோ மேலுதடோ மரத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் அன்றே வைத்தியசாலை. சத்தி எடுத்தால் எதுவும் கேட்காமலே போய்விடுங்கள். தலையில் அடிபட்டிருந்தாலும் போகத்தான் வேண்டும். ஓதுவதை வண்டியில் வைத்தும் ஓதலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த அறிவுரைகளில் ஒன்றுதான் வாப்பாவைக் குழப்பியது. சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். காரணம் எளியது. மூக்கை அடைத்துச் சிந்தினால் காற்று சைனஸுக்குள் ஏறி, ஆறாத தரையின் விரிசல் வழியே கண்குழிக்குள் புகுந்துவிடும். இமை நொடியில் பலூன் போல் ஊதிவிடும். விழிக்குப் பின்னால் காற்று அடைந்தால் பார்வைக்கே ஆபத்து. விமானப் பயணத்தையும் வைத்தியர் அனுமதிக்கும் வரை தள்ளிப் போடச் சொல்வார்கள். உம்றாவுக்கோ மத்திய கிழக்குக்கோ போக இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது.

“ஹஸரத், மூக்குக்குத் தண்ணி எடுத்துச் சிந்தாம வுழூ கூடுமா?” என்று வாப்பா கேட்டார்.

இந்தக் கேள்விக்காவது எனக்குப் பதில் தெரிந்திருந்தது. நமது ஷாபிஈ மத்ஹபில் வுழூவின் பர்ழுகள் ஆறு. நிய்யத், முகம் கழுவுதல், முழங்கை உட்படக் கைகளைக் கழுவுதல், தலையில் சிறிதளவேனும் தடவுதல், கரண்டை உட்படக் கால்களைக் கழுவுதல், வரிசை. நாசிக்கு நீர் செலுத்துவதும் சிந்துவதும் சுன்னத். அதனை விட்டால் வுழூ முறியாது. ஹன்பலி மத்ஹபில் அது கட்டாயம் என்பது உண்மை. ஆயினும் நோயாளிக்குத் தீங்கு தரும் இடத்தில் சலுகை எல்லா மத்ஹபுகளிலும் உண்டு. நோன்பாளி நாசிக்கு நீரை ஆழமாகச் செலுத்த வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்களே விதிவிலக்குத் தந்திருக்கிறார்கள். குனிந்தால் முகத்தில் அழுத்தம் கூடும் என்று வைத்தியர் தடுக்கும் நாட்களில் உட்கார்ந்து சைகையால் ஸுஜூது செய்யலாம். முகம் கழுவும்போது கண்ணை அழுத்தித் தேய்க்காமல் நீரை வழிய விட்டால் போதும்.

இதையெல்லாம் பையனிடம் நேரில் சொன்னேன். கூடவே, புதன்கிழமை நான் சொன்னது தவறு என்பதையும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. வாப்பா மட்டும், “நாங்கதானே ஹஸரத் உங்களத் தேடி வந்தோம்” என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

தசை மூன்று நாட்கள் நெரிபட்டிருந்ததால் தேறுவது மெதுவாகவே நடந்தது. நேராகப் பார்க்கும்போது இருந்த இரட்டைப் பார்வை இரண்டு மாதங்களில் போய்விட்டது. புத்தகம் வாசிக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். மிக உயரத்தில் எதையாவது பார்த்தால் மட்டும் இன்னும் இரண்டாகத் தெரிகிறது. அதனால் வகுப்பில் கரும்பலகையின் மேல்வரியைப் பார்க்க நாடியைத் தூக்கிக் கொள்வான். நான் பலகையின் நடுப்பகுதியில் இருந்தே எழுதத் தொடங்கினேன்.

ஆறாவது வாரம் கண்டியில் காட்டி, இனிப் பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த நாள் அஸருக்குப் பள்ளிவாசலுக்கு வந்தான். ஹவுளின் ஓரத்தில் எனக்குப் பக்கத்தில் குந்தினான். கைநிறைய நீர் அள்ளி மூக்குக்கு எடுத்தான். சிந்தவில்லை. தலையைச் சாய்த்து, தானாக வழிய விட்டான்.

“இனிச் சிந்தலாம் என்று சொன்னார்களே?” என்று கேட்டேன்.

“தெரியும் ஹஸரத்” என்றான். “இன்னும் ஒரு கிழமை பொறுத்துப் பாக்கிறேன்.”